செத்துப் பிழைத்தவனுக்குச் சிறை உண்டா?

முன்னொரு காலத்துல ஏழ்கரைச் சீமையை வச்சிரபாகுன்னு ஒரு ராஜா ஆண்டு வந்தார். ஆண்டார்னு சொல்றதெல்லாம் மரியாதைக்கு. ஊரைப் படுத்தி எடுத்தார்னு சொன்னாத்தான் சரி. ஒருநாள் சபையில அவரே கட்டின பாட்டை அவரே பாடினார். தவில் வாசிச்ச சடையாண்டி, பாவம், கொட்டாவி விட்டுட்டார். அவ்வளவுதான்! "சாகிற வரைக்கும் இவன் சிறையில கிடக்கட்டும்"னு தீர்ப்பு. கொட்டாவிக்கு ஆயுள் தண்டனை! இந்த அநியாயத்தை எங்க போய்ச் சொல்ல?

மந்திரி திருமேனியார் தினமும் கெஞ்சிப் பார்த்தார். ஆனா கோட்டைத் தளவாய் மார்த்தாண்டனுக்கு மந்திரின்னாலே வயித்தெரிச்சல். மந்திரி 'விடுங்க'ன்னா, இவன் 'விடாதீங்க'ம்பான். ராஜாவும் தலையாட்டுவார்.

ஒருநாள் காலையில சடையாண்டி சிறைக்குள்ளேயே சுருண்டு விழுந்தார். தளவாய் மூக்குல விரல் வச்சுப் பார்த்தான். மூச்சு இல்லை. வைத்தியரைக் கூப்பிடுவோம்னு தோணணுமே! மந்திரி மூஞ்சி தொங்கிப் போகுங்கற சந்தோஷத்துல, "செத்தான்!"னு கத்தி, சங்கு ஊதச் சொல்லிட்டான்.

அந்தச் சீமையில ஒரு வழக்கம். கோட்டைக்குள்ள யாருக்காவது இழவுச் சங்கு ஊதிட்டா, அந்த உடம்பு கோட்டைவாசல் தாண்டுற வரைக்கும் கோயில் நடை திறக்கக் கூடாது. கோயில்ல பூஜை முடியாம ராஜா சோத்துல கை வைக்கக் கூடாது. நடையைச் சாத்தியாச்சு. ராஜா வயித்தைத் தடவிக்கிட்டு உட்கார்ந்திருந்தார்.

அங்க, சபைக்கு வெளியே முற்றத்துல பாடை கட்டி, குளிப்பாட்ட ஒரு குடம் தண்ணியைத் தலையில கொட்டினாங்க. பிணம் எழுந்து உட்கார்ந்து, "யாருய்யா அது, காதுக்குள்ள ஊத்துறது?"ன்னுச்சு. தூக்க வந்த நாலு பேரும் எடுத்தாங்க ஓட்டம்!

தளவாய் சடையாண்டியைச் சபைக்கு இழுத்துட்டு வந்தான். சடையாண்டி அசரலை. "மகாராஜா, சாகிற வரைக்கும்னுதானே சொன்னீங்க? செத்தாச்சு. நான் வீட்டுக்குப் போறேன்" என்றார்.

அவர் பெண்சாதி பூரணம் அழுது வீங்கின முகத்தோட ஓடி வந்தாள். "செத்துட்டார்னு சொல்லி என் உயிரை எடுத்தீங்க. இப்ப சாகலைன்னு மறுபடி அடைக்கப் பார்க்கிறீங்க. ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைங்களேன் சாமி!"

ராஜாவுக்குப் பசி. "அட, இவன் சாகவே இல்லை. உள்ளே போடுங்க. இலையைப் போடச் சொல்லுங்க" என்றார்.

மந்திரி பெருமூச்சு விட்டார். "அப்படியே ஆகட்டும். சாகாத ஆளுக்குச் சங்கு ஊதி, நடையைச் சாத்தி, மகாராஜாவை உச்சிப்பொழுது வரைக்கும் பட்டினி போட்டது யாருன்னு மட்டும் விசாரிச்சிடுவோம்."

ராஜா கண்ணு சிவந்துடுச்சு. "ஏய் தளவாய்! உன்னையும் அவனோட சேர்த்து அடைக்கிறேன், சாகிற வரைக்கும்!"

தளவாய்க்கு வேர்த்துக் கொட்டிச்சு. "ஐயோ மகாராஜா, செத்தது சத்தியம்! நானே மூச்சைப் பார்த்தேன்! கட்டை மாதிரி கிடந்தான்!"

"செத்தது சத்தியம்னா தண்டனை முடிஞ்சுது" என்றார் மந்திரி.

"அதெப்படி? உயிர் திரும்பி வந்திருச்சே! தண்டனையும் திரும்பி வரட்டும்!"னு குதிச்சான் தளவாய்.

"நல்ல யோசனை!" என்றார் ராஜா. மந்திரி தலையில அடிச்சுக்கிட்டார். இந்த ஆள்கிட்ட மாரடிக்கிறதுக்கு மாடு மேய்க்கப் போகலாம்னு அவருக்குத் தோணியிருக்கும். அர்ச்சகரைக் கூப்பிட்டு, "சாமி, நடை எப்பத் திறக்கும்?"னு கேட்டார்.

"சங்கு ஊதின உடம்பு வாசல் தாண்டினதும் திறப்பேன். அது எழுந்து உட்கார்ந்தாலும் சரி, நின்னு ஆடினாலும் சரி, வழக்கம் வழக்கம்தான்" என்றார் அர்ச்சகர்.

"கேட்டீங்களா மகாராஜா? தாராளமா உள்ளே போடுங்க. இவர் இங்க இருக்கிற வரைக்கும் நடை திறக்காது, இலை விழாது. எனக்கொண்ணும் இல்லை" என்றார் மந்திரி.

ராஜா சடையாண்டியைப் பார்த்தார். மடப்பள்ளிப் பக்கம் பார்த்தார். நெய் மணம் வந்துச்சு. "தூக்கிட்டுப் போய்த் தொலைங்கய்யா! இவன் தண்டனை முடிஞ்சுது. இனி இவனை யாரும் தொடக் கூடாது!"ன்னு அலறினார்.

"நட"ன்னு தளவாய் பிடிச்சுத் தள்ளினான். சடையாண்டி நேரா முற்றத்துல கிடந்த பாடையில போய் நல்லா நீட்டிப் படுத்துக்கிட்டார். "பிணம் எங்கய்யா நடக்கும்? தூக்கு!"

"தூக்குறவங்க ஓடிட்டாங்களே" என்றார் மந்திரி. "செத்தது சத்தியம்னு சொன்னவரே ஒரு தோள் கொடுக்கட்டும்."

ராஜா பசிக் கோபத்துல, "தூக்குடா!" என்றார். மூணு காவலாளிகளோட பட்டுத் தலைப்பாகைத் தளவாயும் பாடையைச் சுமந்தான். வீதியெல்லாம் கூட்டம். படுத்திருந்தவர், "மெல்லப் போய்யா, இடுப்பு வலிக்குது"ன்னு அதட்டிக்கிட்டே வந்தார்.

நடை திறந்துச்சு. பூஜை முடிஞ்சதும் ராஜா வாயில சோத்தோட, "மந்திரியாரே, என்ன பரிசு வேணும்?"னு கேட்டார்.

"எனக்கும் ஒரு இலை போடச் சொல்லுங்க. காலையிலேர்ந்து நானும் பட்டினி" என்றார் மந்திரி.

கோட்டைவாசலுக்கு வெளியே தளவாய் பாடையை இறக்கி வச்சுட்டு மூச்சு வாங்கினான். பூரணம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "செத்தவரைக் கொண்டாந்து சேர்த்துட்டீங்கல்ல? கிளம்புங்க. உயிரோட இருக்கிறவரை நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."