பூட்டைத் தூக்கிவிட்டுச் சூரியனை வைத்த கதை

இருட்டிய பிறகு, அமலிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது வாசல் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. ‘டிக்’. பல்லி என்று நினைத்தேன். அடுத்து எதிர்வீட்டில் ஒரு ‘டிக்’. மேலே ஒன்று, கீழே ஒன்று, பிறகு கட்டடத்துப் பல்லிகளெல்லாம் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுகிற மாதிரி டிக், டிக், டிக். எதிர்வீட்டு அம்மாள் உள்ளே இருந்தபடியே யாரிடமோ, நல்ல சகுனம்தான் என்று சொன்னது காதில் விழுந்தது.

சகுனம் என்னவென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நான் தட்டை வைத்துவிட்டுக் கை கழுவித் திரும்புவதற்குள் அமலி ஒற்றை விரலால் வாசல் கதவை இழுத்துத் திறந்துகொண்டு வெளியே போயிருந்தாள். அவளுக்கு ஒன்றரை வயது. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி. படிக்கட்டின் உச்சியில் ஒரு காலைத் தூக்கி, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றாள். நான் பிடித்த பிடியில் அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

எங்கள் நிம்மதி இல்லத்தின் இணையதளத்தைப் புதுப்பித்து வெளியிட்ட நாள் அது.

திருச்சியில் பொன்மலைக்குப் பக்கத்தில் இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு நிம்மதி இல்லம். எங்கள் கதவுகளுக்குச் சாவியும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை, எல்லாம் போனில்தான். குடியிருப்போர் சங்கத்தின் தளத்தைத் திறந்தால் பச்சையில் ‘திற’, சிவப்பில் ‘பூட்டு’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். பகலில் கதவைச் சாத்தினாலே பிடித்துக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் ஒருமுறை ‘பூட்டு’ அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பிடியைத் தானாக விட்டுவிடும். ஏன் அப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், கதவை வாங்கியது சங்கம்.

பொத்தான்களுக்குக் கீழே தண்ணீர் வரும் நேரம், வாட்ச்மேன் நம்பர், புகார் சொல்ல ஒரு பெட்டி. பார்வைக்கு அழகில்லை, கல்யாண வீட்டு மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும். ஆனால் தேடுவது தேடுகிற இடத்தில் இருக்கும். என் வீட்டுக்காரர் கூட்ஸ் ரயிலில் கார்டு. பாதி ராத்திரிகள் ஈரோட்டிலோ விழுப்புரத்திலோ கழியும். நான் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபம் சொல்லிவிட்டுப் படுப்பேன். இரண்டில் ஒன்று குறைந்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

அன்றைக்கு அரிசி டிரம்மை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதன்மேல் நானும் உட்கார்ந்து விடியவைத்தேன்.

காலையில் சங்க அறைக்குப் போனேன். மூன்று பேரும் இருந்தார்கள். தலைவர் குஞ்சிதபாதம் சார் ஓய்வு பெற்ற அதிகாரி. எதில் அதிகாரி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. செயலாளர் சம்மனசு அண்ணன் தலைவர் சொன்னதைத் திரும்பச் சொல்லுவார். பொருளாளர் அஞ்சுகம் அக்கா அதற்குத் தலையாட்டுவார். யோசிப்பதென்றால் மூன்று பேரும் சேர்ந்தேதான் யோசிப்பார்கள். தனித்தனியாக யோசித்து யாருக்கும் பழக்கமில்லை.

நடந்ததை அவர்களே பெருமையாகச் சொன்னார்கள். தளம் போட்டுத் தருகிற பையன் போனில் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்கிறான்: ஜனங்கள் எதைப் பயன்படுத்துகிறார்களோ அதை மட்டும் வையுங்கள், மற்றதை எடுத்துவிடுங்கள். அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, யார் எதை அழுத்துகிறார்கள் என்று கண் கொட்டாமல் பார்த்திருக்கிறார்கள். காலைப் பலகாரம் முடித்து உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார்கள்.

ராத்திரியில் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

“ராத்திரி எல்லாரும் தூங்குவாங்கம்மா. தூங்குறவன் எதைப் பயன்படுத்தப் போறான்?” என்றார் தலைவர்.

பகலில் பால், கீரை, ஸ்கூல் வேன் என்று எல்லோரும் ‘திற’வைத்தான் அழுத்தினார்கள். ‘பூட்டு’ பக்கம் ஒரு விரல்கூடப் போகவில்லை. ஆகவே அதை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் நேரத்தை யாரும் பார்க்கவில்லை, அதையும் எடுத்தாயிற்று. வாட்ச்மேன் நம்பர் எதற்கு, அவர்தான் பகலெல்லாம் கேட்டில் உட்கார்ந்திருக்கிறாரே. அதுவும் போயிற்று. மிச்சம் ‘திற’ ஒன்றுதான். தளம் வெறிச்சென்று இருக்கக் கூடாதென்று, ‘பூட்டு’ இருந்த இடத்தில் பெரிதாக ஒரு சூரியோதயப் படத்தைப் போட்டிருந்தார்கள்.

புகார்ப் பெட்டியையும் காணவில்லையே என்றேன். சம்மனசு அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது.

“அதுதாம்மா எங்களுக்கே ஆச்சரியம். முன்னெல்லாம் வண்டி வண்டியாப் புகார் வரும். பெட்டியை எடுத்ததுலேருந்து ஒண்ணுகூட வரல. ஜனங்க இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல.”

“நான் இப்ப சொல்றது புகார்தானே அண்ணே?”

“தளத்துல வரலையேம்மா.”

கான்வென்ட்டில் படித்ததில் ஒரு கஷ்டம், யாரையும் முகத்துக்கு நேரே முட்டாள் என்று சொல்ல வாய் வராது. தேங்க் யூ சொல்லிவிட்டு வந்தேன். வந்து தளத்தையே துழாவியதில், ‘உங்கள் கருத்து’ என்று ஓரத்தில் ஒன்று இருந்தது. தொட்டால் மூன்று முகங்கள் வந்தன: சிரிக்கிற முகம், நன்றாகச் சிரிக்கிற முகம், கண்ணில் நீர் வரச் சிரிக்கிற முகம். என் நிலைமைக்குக் கண்ணீர்தான் பொருத்தம் என்று மூன்றாவதை அழுத்தினேன். கொஞ்ச நேரத்தில் அஞ்சுகம் அக்கா கிண்ணத்தில் கேசரியோடு வந்து நின்றார்.

“உனக்கு இவ்வளவு பிடிக்கும்னு நாங்க நெனைக்கவே இல்ல அமலி அம்மா.”

கேசரியை வாங்கிக்கொண்டு, அக்கா கையைப் பிடித்து, குழந்தை படியில் நின்ற கதையைச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றே அவசரக் கூட்டம் கூட்டினார்கள். பழைய பொத்தானை அதே இடத்தில் வைத்துவிட்டால் போதும் என்று கேட்டுக்கொண்டேன்.

தலைவர் வெகுநேரம் படத்தைப் பார்த்தார். “அந்த எடத்துல சூரியன் இருக்கே. அதை எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

“மேற்கால தள்ளி வைக்கலாம்,” என்றார் சம்மனசு அண்ணன்.

“மேற்க வச்சா அஸ்தமனம் ஆயிடும். நாலு குடும்பம் வாழுற எடத்துல அஸ்தமனத்தை மாட்டுவாங்களா?” என்றார் அக்கா.

“அப்ப நடு உச்சியில?”

“வெயில் தாங்காது,” என்றார் தலைவர்.

வெயில் என்றதும் மூன்று பேரும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள். சூரியன் உதித்த இடத்திலேயே இருக்கட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. ஆனால் தாய்க்குலத்தின் பயத்தைச் சங்கம் அலட்சியம் செய்யாது என்றும், கதவு பூட்டாவிட்டால் என்ன, பூட்டியிருக்கிறது என்று திருடனுக்குத் தெரிந்தால் போதுமே என்றும் தலைவர் சொன்னார். மறுநாளே வாசலுக்கு வாசல் அட்டை தொங்கியது: ‘இந்தக் கதவு பூட்டப்பட்டுள்ளது.’

அதில் ஒரு சிக்கலை அக்காதான் கண்டுபிடித்தார். திருடனுக்குப் படிக்கத் தெரியாவிட்டால்? ஆகவே, வருகிறவர்களுக்கெல்லாம் அட்டையை உரக்கப் படித்துக் காட்டும்படி வாட்ச்மேன் காத்தமுத்துவுக்கு உத்தரவு போயிற்று. அவர் ஆள் பார்த்து வேலை செய்கிறவரல்ல. பால்காரருக்குப் படித்தார், பால்காரர் பாலோடு திரும்பிப் போனார். கேஸ் சிலிண்டர் மூன்று மாடி ஏறி மூன்று மாடி இறங்கியது. என் வீட்டுக்காரர் டியூட்டி முடிந்து வந்தபோது அவருக்கும் படித்தார். இவர் கேட்டுவிட்டு, ஸ்டேஷனுக்கே போய்ப் படுத்துவிட்டார். பிறகு ஏனென்று கேட்டதற்கு, பூட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாய், எழுப்ப மனசு வரவில்லை என்றார். இவரைச் சங்கத்தில் சேர்க்காதது சங்கத்துக்குத்தான் நஷ்டம்.

நான் என் முந்தானையை அமலியின் இடுப்பில் முடிந்துகொண்டு படுத்தேன். அவள் முடிச்சவிழ்க்கக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் கண் விழித்தபோது கதவு அகலத் திறந்து கிடக்கிறது, கொலுசுச் சத்தம் வெளியே கேட்கிறது. இந்தத் தடவை அவள் யோசித்துக்கொண்டு நிற்கவில்லை. முதல் படியில் உட்கார்ந்து அடுத்த படிக்குச் சறுக்கியிருந்தாள்.

பொழுது விடிந்ததும் கடைத்தெருவுக்குப் போய் இரும்பில் இரண்டு தாழ்ப்பாள் வாங்கினேன், மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. சங்கத்தைக் கேட்காமல் கதவில் ஆணி அடிக்கக் கூடாது என்பதால் ஆசாரியை நிறுத்திவைத்துவிட்டு ஆள் அனுப்பினேன். மூன்று பேரும் வந்தார்கள்.

தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வைக்க வேண்டும் என்பது தலைவரின் கட்சி. உள்ளே வைத்தால் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான் பயன், வெளியே வைத்தால் போகிற வருகிற எல்லோரும் பயன்படுத்தலாம் என்றார். நியாயமாகத்தான் பட்டது. நான் பிள்ளையைக் காட்டி அழுது, உள்பக்கம் என்று முடிவு செய்துகொண்டேன். இந்த வாதத்தில் பகல் போய்விட்டது. ஆசாரி அடித்து முடித்துக் கிளம்பும்போது தெருவிளக்கு எரிந்துவிட்டது.

இதை எப்படிப் பயன்படுத்துவது என்று தலைவர் கேட்டார்.

“பொழுது சாஞ்சதும் உள்ள இருக்கிறவங்க போடணும் சார். விடியிற வரைக்கும் யார் தட்டினாலும், என்ன சொன்னாலும் திறக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

மூவரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். சரியாகப் பிடிக்கிறதா பார்த்துவிடலாம் என்று அவர்களை உள்ளே போடச் சொல்லிவிட்டு, அமலியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் வெளியே வந்தேன். மேல் தாழ்ப்பாள் ஏறியது. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். அசையவில்லை. இன்னொரு தரம் தள்ளினேன். கல்லுமாதிரி நின்றது. போதும் சார், திறங்க என்று கதவைத் தட்டினேன்.

உள்ளிருந்து தலைவர் குரல், தாழ்ந்து: “யாரோ தட்டுறாங்க.”

“நான்தான் சார், அமலி அம்மா.”

“அமலி அம்மான்னு சொல்லுது,” என்றார் சம்மனசு அண்ணன்.

“என்ன சொன்னாலும் திறக்கக் கூடாதுன்னு அந்தப் புள்ள எவ்வளவு தெளிவாச் சொல்லிட்டுப் போச்சு,” என்றார் அக்கா.

இது என் வீடு என்றேன். குழந்தைக்குப் பால் அடுப்பு மேடையில் இருக்கிறது, தூங்குகிற நேரம் ஆகிவிட்டது என்றேன். உள்ளே மூன்று பேரும் சேர்ந்து யோசிப்பது இங்கே வரைக்கும் கேட்டது.

“பாவம்யா அந்தப் பொண்ணு,” என்றார் தலைவர் கடைசியில். “பயந்தது நியாயம்தான். பொழுது சாஞ்சு விளக்கு வைக்கல, அதுக்குள்ள ஆள் வந்து நிக்குது பாரு. பால் எங்க இருக்குன்னுகூடத் தெரிஞ்சு வச்சிருக்கு.”

“நாளைக்கு அமலி அம்மா வந்து கேட்டா நாம என்ன பதில் சொல்றது?” என்றார் அக்கா.

“கேக்குற மாதிரி வச்சுக்கக் கூடாது. நீ தள்ளு சம்மனசு,” என்று தலைவர் குனிகிற சத்தம் கேட்டது. புதுத் தாழ்ப்பாள், கொஞ்சம் முரண்டியது. மூன்று பேரும் சேர்ந்து ஒரு தள்ளுத் தள்ளினார்கள். கீழ்த் தாழ்ப்பாளும் விழுந்தது.