உலகம்மை கடலில் இறங்காத நாள்

மணல்துறையில் ஆடி அமாவாசை அன்று முதலில் கடலில் இறங்குகிறவர் உலகம்மை. கரையை ஒட்டிய சிறு மடத்தில் இருக்கும் துறவி. அவர் முங்கி எழுந்த பிறகுதான், இறந்தவர்களுக்காகத் தலைமுழுக வந்த கூட்டம் இறங்கும். சனங்கள் அவரைத் 'தாயி' என்பார்கள்; தாயி கால் வைத்த கடல் யாரையும் ஒன்றும் செய்யாது என்று நம்பினார்கள்.

அவருடைய சீடர் வைகுண்டமணி அவரைவிட வயதில் மூத்தவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் மடத்துக்கு வந்து சேர்ந்தார். குருவை அவர் 'அம்மா' என்பார். குரு அவரை 'அண்ணாச்சி' என்பார்.

அந்த வருஷம் அமாவாசைக் காலையில் கரையில் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். கடலோரக் காவலர் ராயப்பன் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருக்கு. எங்கேயோ அடிச்ச புயல்ல கிளம்புன அலை. இங்க காத்தும் இருக்காது, மழையும் இருக்காது. திடீர்னு ஏறி இழுத்துரும். யாரும் தண்ணியில எறங்காதீங்க."

யாரும் காதில் வாங்கவில்லை. வானத்தில் ஒரு மேகம் இல்லை. கடல் குளம் மாதிரிக் கிடந்தது.

ராயப்பன் மடத்துக்கு வந்தார். "தாயி, போன வருஷம் பக்கத்துத் துறையில இதே மாதிரி வெயில்லதான் ஒரு குடும்பமே போச்சு. நீங்க சொன்னா கேப்பாவ."

உலகம்மை சீடரைப் பார்த்தார். "கேப்பாவளா, அண்ணாச்சி?"

"கஷ்டம்தான் அம்மா. தூரந்தொலைவுல இருந்து வேன் பிடிச்சு வந்திருக்காவ. உங்களைப் பார்த்தா இன்னும் தைரியம்தான் வரும்."

உலகம்மை எழுந்து கரைக்கு நடந்தார்.

கூட்டம் வழிவிட்டது. முன்னால் வள்ளிமயில் என்ற பெண் இரண்டு பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் பங்குனியில் இறந்திருந்தான். அப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் விட வந்த மகன் தலையை மொட்டை அடித்திருந்தான்.

"நீங்க முன்ன போங்க தாயி. நாங்க பின்னாலேயே வாரோம்" என்றாள் அவள்.

உலகம்மை கணுக்கால் நனையும் வரை போனார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தபடி நின்றார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் பயமா இருக்கு. நான் எறங்கல."

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அப்புறம் ஒரு வேன் டிரைவர் சிரித்தார். "சாமியாரம்மாவுக்கே உசுரு மேல இம்புட்டு ஆசையா?"

வைகுண்டமணிக்கு முகம் கன்றிப்போனது. உலகம்மை மடத்துக் கிணற்றடிக்குப் போனார். ஒரு வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு வாளியைக் கீழே வைத்தார்.

வள்ளிமயிலின் மகன் அதற்குள் தண்ணீரில் கால் வைத்திருந்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "வாலே, தாயிக்கே பயமாம். நாம கிணத்துல குளிப்போம்."

அவள் பின்னால் இன்னொரு குடும்பம் வந்தது. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சிரித்த டிரைவர் கரையில் தனியாகக் கொஞ்ச நேரம் நின்றார். கடைசியில் அவரும் வந்து வாளிக்குக் கை நீட்டினார்.

அன்று முழுக்கக் கடல் அப்படியேதான் கிடந்தது. அலை ஏறவே இல்லை. வேன்கள் எல்லாம் கிளம்பிப் போயின.

சாயங்காலம் வைகுண்டமணி டீக்கடையிலிருந்து திரும்பினார். உட்காரவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"பயத்தை விடுங்கன்னுதான் எனக்கு உபதேசம் பண்ணுனீங்க. இத்தனை பேர் முன்னால நீங்களே பயம்னு சொல்லலாமா?"

"இருந்துச்சு. சொன்னேன்."

"உடம்பு சரியில்லன்னு மடத்துலயே இருந்திருக்கலாமே."

"இருந்திருந்தா எனக்குப் பதிலா உங்களை முன்னால எறங்கச் சொல்லியிருப்பாவ. எறங்கியிருப்பீங்களா?"

வைகுண்டமணி யோசித்தார். "எறங்கியிருப்பேன்."

"பயம் இல்லாமலா?"

"பயந்துக்கிட்டுதான்."

"அதை வெளிய சொல்லியிருப்பீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"கடல் வரவே இல்லையே அம்மா."

"வரல."

"உங்களைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்காவ. என்னால கேக்க முடியல."

"யாரு சிரிச்சா?"

"எல்லாரும்தான். வேன்ல ஏறும்போதும் சிரிச்சுக்கிட்டேதான் ஏறுனாவ."

"அந்த வள்ளிமயிலு?"

"அவளும்தான்."

"பிள்ளைகளுமா?"

"பிள்ளைகளும்தான்."

"ஒருத்தர் விடாமயா, அண்ணாச்சி?"

"ஒருத்தர் விடாம."

"அது போதும்" என்றார் உலகம்மை.