சக்கரம் அசைய இடம்

"வண்டி உயரத்தை எவ்வளவு இறக்க முடியுமோ அவ்வளவு இறக்கிரு," என்றாள் கமலவேணி.

ஜரீனா காரைப் பார்க்கவில்லை. கேட்டவளைப் பார்த்தாள்.

"எதுக்குக்கா?"

"அழகா இருக்கும்."

"அது ஒரு காரணம். இன்னொண்ணு?"

கமலவேணி வாசல் பக்கம் திரும்பினாள். வெளியே யாரோ லாரி டயரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சங்ககிரியில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே இருந்தது அந்த ஷெட். பெயர்ப்பலகை கிடையாது. ஜரீனா ஒரு காலத்தில் பந்தயங்களில் கார் ஓட்டியவள். இப்போது பிறர் கார்களுக்கு ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் அமைத்துக் கொடுக்கிறாள். வேறு எந்த வேலையும் எடுப்பதில்லை. வயது முப்பத்து மூன்று. அவளைவிட மூத்தவர்களும் அவளை வாத்தியார் என்றுதான் கூப்பிட்டார்கள்.

கமலவேணிக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள் வைத்து நடத்துகிறாள். கணவன் இறந்தபோது கொழுந்தன் அர்த்தநாரி வந்து, "பொம்பள ரிக் வண்டி ஓட்ட முடியாதுங்க அண்ணி, எங்கிட்ட விட்டுருங்க" என்றான். அவள் விடவில்லை. வண்டிகளை ஒடிசாவுக்கு அனுப்பினாள், ராஜஸ்தானுக்கு அனுப்பினாள். ஆள் வராத இடத்துக்கு அவளே போய் நின்று பாறையில் துளை போட வைத்தாள்.

அர்த்தநாரி அதை மறக்கவில்லை.

இந்த வருஷம் அவள் ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். இரண்டே சீட்டு. பழைய வண்டிதான். ஆனால் தெருவுக்குள் வந்தபோது ஜன்னல்கள் திறந்தன.

"இந்த வயசுல," என்றார்கள்.

அடுத்த வாரம் அர்த்தநாரி வீட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடை முளைத்தது. சிமென்ட் வைத்து அவனே போட்டது. பிள்ளைகள் விளையாடுகிற தெரு என்று காரணம் சொன்னான். அந்தத் தெருவில் பிள்ளைகளே இல்லை. அவள் வீட்டுக்குப் போக வேறு வழியும் இல்லை.

முதல் நாளே காரின் அடிவயிறு உரசியது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அர்த்தநாரி எழுந்து வந்தான்.

"உரசுதுங்களா அண்ணி? கொஞ்சம் ஏத்திக்கோங்க. இல்லைன்னா வித்துப்போடுங்க."

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது கமலவேணிக்கு மூச்சு வாங்கியது.

"அவர் ஏத்தச் சொன்னதால நீங்க இறக்கறீங்க," என்றாள் ஜரீனா.

"ஆமா."

"இன்னும் உரசுமே."

"உரசட்டும்."

"தடை மேல வண்டியைக் கோணலாச் சாய்ச்சு விட்டா உரசல் குறையும். ஒவ்வொரு சக்கரமா ஏறி இறங்கும்."

"எதுக்குச் சாய்க்கணும்? நேராத்தான் போவேன்."

"நகராட்சியில ஒரு வார்த்தை சொன்னா தடையை எடுத்துருவாங்க."

"சொன்னா, நான் போய் அழுத மாதிரி ஆயிரும். நான் எவங்கிட்டயும் அழுததில்ல."

ஜரீனா லேசாகச் சிரித்தாள். அவளுக்கு அது பிடித்திருந்தது.

குனிந்து சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரலைக் காட்டினாள்.

"இவ்வளவு இறக்கலாம்."

"பத்தாது."

"இதுக்கு மேல இறக்கினா சக்கரத்துக்கு இடம் இருக்காது."

"வண்டி என்னுது. உசுரும் என்னுது."

"ரோடு?"

கமலவேணி சாவியை எடுத்துக்கொண்டாள்.

"செய்வியா மாட்டியா?"

"மாட்டேன்."

*

சேலத்தில் ஒருவன் செய்து கொடுத்தான். அவன் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஸ்பிரிங்கை அறுத்துச் சின்னதாக்கி மாட்டிவிட்டான்.

கமலவேணி நேராகச் சங்ககிரிக்கு வந்து ஷெட் வாசலில் காரை நிறுத்தினாள். தரையோடு படுத்திருந்தது வண்டி.

"இறக்கிட்டேன்," என்றாள்.

ஜரீனா சுற்றி வந்தாள். குனிந்து மட்கார்டுக்குள் கையை விட்டாள். கை போகவில்லை.

"அழகாத்தான் இருக்கு."

"அவ்வளவுதானா?"

"மலைக்கு மட்டும் போகாதீங்கக்கா."

"நீ சொன்னா நான் போகக் கூடாதா?"

ஜரீனா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் அந்தத் தெருவில் ஒரு சத்தம் கேட்டது. சிமென்டில் இரும்பு தேய்கிற சத்தம். அது கேட்டதும் அர்த்தநாரி பேப்பரைத் தாழ்த்திப் பார்ப்பான். கமலவேணி கண்ணாடியை இறக்கிவிட்டு அவனைப் பார்ப்பாள்.

அவள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் போவாள். கதவைச் சாத்தியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். வெளியூரிலிருந்து வேலையாட்கள் கூப்பிட்டால் பாதிதான் காதில் விழும். மீதியில் அவள் அந்தப் பேப்பர் தாழ்ந்த விதத்தை நினைத்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கு அவன் முகத்தில் இருந்தது எரிச்சலா, சந்தோஷமா?

தெரியவில்லை. அதனால் மறுநாளும் பார்த்தாள்.

*

போகாதே என்று சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை அவள் கொல்லிமலைக்குப் போனாள்.

அடிவாரத்தில் வண்டி நன்றாகத்தான் ஓடியது. வளைவுகளில் தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. ஜரீனாவுக்குப் போன் செய்து இதைச் சொல்ல வேண்டும் என்று கமலவேணிக்குத் தோன்றியது.

பாதி மலையில் ஒரு வளைவு. வளைவுக்குள் தார் பெயர்ந்து கிடந்தது. பெரிய பள்ளம்கூட இல்லை.

முன்சக்கரம் அதில் விழுந்தது. விழுந்த சக்கரத்துக்கு மேலே போக இடமில்லை. வண்டி மொத்தமும் எகிறியது. ஒரு நொடி ஸ்டியரிங் கையில் வெறும் வளையமாக இருந்தது. அவள் திருப்பிக்கொண்டே இருந்தாள், வண்டி திரும்பவில்லை.

எதிரே ஒரு மொபெட் வந்துகொண்டிருந்தது. ஒரு ஆணும் பெண்ணும். நடுவே சாக்கில் பலாப்பழம்.

தரையில் இறங்கிய கார் குறுக்கே வழுக்கிக்கொண்டு போய் நின்றது. மொபெட் பலாப்பழத்தோடு ஓரத்தில் சாய்ந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக்கூட இடமில்லை.

அந்த ஆள் எழுந்து மொபெட்டை நிமிர்த்தினான். அந்தப் பெண் முழங்கையைத் தடவிக்கொண்டு காரிடம் வந்தாள். திட்டப்போகிறாள் என்று கமலவேணி காத்திருந்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு அடிபட்டுருச்சுங்களா?" என்று கேட்டாள் அவள்.

கமலவேணி இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர்கள் உருண்ட பழங்களைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு கீழே போனார்கள். மொபெட் சத்தம் அடங்கும்வரை அவள் ஸ்டியரிங்கை விடவில்லை.

பிறகு காரை மெல்ல ஓரங்கட்டிவிட்டு ஜரீனாவுக்குப் போன் செய்தாள்.

"நீ வேண்டாம்னு சொன்ன மலையிலதான் இருக்கேன்."

"யாருக்காச்சும் அடியா?"

"இல்ல."

"வர்றேன்," என்றாள் ஜரீனா.

*

ஜரீனா வந்தது ஒரு பழைய சின்னக் காரில். பெயின்ட் வெளுத்துப் போனது.

அவள் இறங்குவதற்குள் கமலவேணி முந்திக்கொண்டாள்.

"சொல்லிரு. விட்டுக்குடுத்துப் போன்னு சொல்லு. எங்கப்பா சொன்னார். கட்டிக்கிட்டவர் சொன்னார். கொழுந்தன் தெருவுல சிமென்ட் போட்டே சொல்லிட்டான். நீ மட்டும்தான் பாக்கி."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"சொல்லத்தானே வந்திருக்க."

"இங்க நில்லுங்கக்கா. அந்தக் கல்லுக்குப் பக்கத்துல. எதிர்ல வண்டி வந்தா கையைக் காட்டுங்க."

ஜரீனா தன் காரைத் திருப்பிக்கொண்டு கீழே இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் மேலே ஏறி வந்தாள். பெயர்ந்த தாரை விட்டு விலகவில்லை. நேராக அதன் மேலேயே ஏற்றினாள்.

வண்டி கடந்து போனது.

திரும்பி வந்து ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"என்ன பார்த்தீங்க?"

"நீ போனதைப் பார்த்தேன்."

ஜரீனா மறுபடியும் கீழே போனாள். மறுபடியும் வந்தாள். இந்த முறை கமலவேணி குனிந்து பார்த்தாள்.

"சக்கரம் துடிச்சுது," என்றாள். "மேலயும் கீழயும்."

"வண்டி?"

கமலவேணி யோசித்தாள்.

"வண்டி அப்படியே போச்சு. கோடு போட்ட மாதிரி."

"ம்."

"ஏன் என் வண்டி அப்படிப் போகல?"

"உங்க வண்டியில சக்கரம் அசைய இடமில்ல," என்றாள் ஜரீனா. "அதனால நீங்க அசைஞ்சீங்க."

கமலவேணி கல்லின் மேல் உட்கார்ந்தாள். கீழே சமவெளியில் வயல்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. ஒரு பஸ் வந்தது. ஜரீனா கையைக் காட்டி அதை மெதுவாகப் போகச் செய்தாள்.

வெயில் நகர்ந்து கல்லின் மேல் வந்தது. கமலவேணி எழுந்திருக்கவில்லை.

ஜரீனாவும் கூப்பிடவில்லை.

*

மஞ்சள் காரை லாரியில் ஏற்றிச் சங்ககிரிக்குக் கொண்டுவந்தார்கள். அறுத்த ஸ்பிரிங்கை ஜரீனா கழற்றித் தரையில் போட்டாள். புது ஸ்பிரிங்கும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கிற ஷாக் அப்சார்பரும் எடுத்து வைத்தாள்.

"எந்த உயரத்துக்கு வைக்கட்டும்? முதல்ல கொண்டுவந்தப்ப இருந்த மாதிரியா?"

"அது ஆகாது. அவன் வித்துப்போடச் சொன்னப்ப இருந்த உயரம் அது."

"அப்ப சேலத்துல வெச்ச மாதிரி?"

"அது அவன்மேல வீம்புக்கு வெச்ச உயரம்."

"ரெண்டுமே அவரோடதா இருக்கே," என்றாள் ஜரீனா. "உங்க உயரம் எது?"

கமலவேணி குனிந்து மட்கார்டுக்குள் பார்த்தாள்.

ஜரீனா ஸ்பானரை அவளிடம் நீட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது கமலவேணி தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். சேலை முழுக்க கிரீஸ். ஒரு கையால் ஷாக் அப்சார்பரின் திருகு வளையத்தை முடுக்குவாள். இன்னொரு கையை மட்கார்டுக்குள் விட்டுப் பார்ப்பாள். பத்தாது. மறுபடி முடுக்குவாள். தன் கை தடையில்லாமல் போய் வரும்வரை செய்துகொண்டிருந்தாள்.

"இவ்வளவு," என்றாள்.

ஜரீனா அளந்து பார்த்தாள். கம்பெனி வைத்த உயரத்தைவிடத் தாழ்வு. சேலத்துக்காரன் வைத்ததைவிட உயரம். முதல் நாள் அவள் காட்டிய இரண்டு விரலுக்கும் சரியாக வரவில்லை.

"நான் சொன்னது இதில்லையே," என்றாள்.

"நீ சொன்னா நான் கேக்கணுமா?" என்றாள் கமலவேணி.

ஜரீனா மற்ற மூன்று சக்கரங்களையும் அந்த உயரத்துக்கே வைத்துக் கொடுத்தாள்.

*

பத்து நாள் கழித்து ஒரு சாயங்காலம்.

கமலவேணி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். ராஜஸ்தானிலிருந்து அப்போதுதான் போன் வந்திருந்தது. ஆழம் போகப் போக வெறும் புழுதியாகவே வந்த இடம். மூட்டை கட்டலாமா என்று ஆட்கள் இரண்டு முறை கேட்டும் அவள் விடாமல் போடச் சொன்ன துளை. தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வந்துவிட்டதாம். ஊரே திரண்டு நனைந்துகொண்டிருக்கிறதாம். போனில் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கவைத்தார்கள்.

அடுத்த வண்டியை அங்கேயே அனுப்புவதா, ஒடிசாவுக்கா என்று கணக்குப் போட்டபடியே தெருவுக்குள் திரும்பினாள். நேற்றுவரை அர்த்தநாரியின் தடையில் மட்டும் நேராகப் போய் உரசியவள், இன்று வழியில் மற்ற எல்லாத் தடைகளிலும் செய்ததுபோலக் காரைச் சற்றே கோணலாகச் சாய்த்தாள். ஒரு சக்கரம் ஏறி இறங்கியது. அடுத்தது ஏறி இறங்கியது. வண்டி போய்க்கொண்டே இருந்தது.

கேட்டைத் திறந்து, காரை உள்ளே விட்டு இறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. அர்த்தநாரி. கையில் மடிக்காத பேப்பர். வேகமாக நடந்து வந்திருந்தான்.

"என்னங்க தம்பி?"

அவன் காரின் அடியைக் குனிந்து பார்த்தான். தெருவைத் திரும்பிப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"இன்னிக்குச் சத்தமே வரலீங்களே அண்ணி."

"எந்தச் சத்தமுங்க?"

அர்த்தநாரியின் முகம் சிவந்தது. கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

அவள் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.