மருதி திறந்த பின்வழி

கரட்டுமலை அடிவாரத்தில், ஓடைக்கரை மேட்டில், கூரன் என்ற முள்ளம்பன்றியும் அவன் மனைவி மருதியும் வளை தோண்டிக் குடியிருந்தார்கள். அவர்களுக்கு இரண்டு குட்டிகள். மூத்தவள் தும்பை, இளையவன் மொட்டு.

பெரிய வளை அது. நடுவில் நால்வரும் படுக்க ஓர் அறை. ஓடைப் பக்கம் இறங்கும் முன்வழி ஒன்று. மேலே பாறைகளுக்கு நடுவில் போய்த் திறக்கும் பின்வழி ஒன்று. கல்யாணமான புதிதில் இருவரும் ஒரு கோடை முழுக்கச் சேர்ந்து தோண்டிய வீடு.

கூரனுக்கு ஒரு பழக்கம் உண்டு. காட்டில் மான்கொம்போ எலும்போ கிடந்தால் விடமாட்டான். கவ்வி இழுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவான். எலும்பைக் கொறிப்பது முள்ளம்பன்றிகளின் வழக்கம்தான். ஆனால் கூரன் எதையும் முழுதாகக் கொறித்ததில்லை. பாதி கொறிப்பதற்குள் அடுத்தது கிடைத்துவிடும்.

“இது வேறு எதற்கு?” என்று மருதி கேட்பாள்.

“மழைக்காலத்தில் கொறிக்கலாம். இப்போதைக்குப் பின்வழியில் போட்டு வை” என்பான் கூரன்.

மருதியும் லேசுப்பட்டவள் இல்லை. கிழங்குத் தோல், பழக்கொட்டை, உதிர்ந்த முள் எல்லாவற்றையும் காலால் பின்வழிப் பக்கம் தள்ளிவிடுவாள். “நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்” என்று படுத்துவிடுவாள். இப்படியே மூன்று வருஷம் போனது. பின்வழி இருந்த இடமே தெரியவில்லை. குட்டிகள் அந்தக் குவியலைச் சுவர் என்றே நினைத்திருந்தார்கள்.

ஓடையோரப் புற்றில் செம்பி என்ற கீரி குடியிருந்தாள். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிறவள். ஒரு நாள் மாலை அவள் மருதியைப் பார்க்க வந்தாள். உள்ளே வந்ததும் ஒரு எலும்பில் கால் வழுக்கியது.

“கோபித்துக்கொள்ளாதே அக்கா. இந்த வீட்டுக்குப் பின்வழி எங்கே?”

“அதோ, அந்தக் குவியலுக்குப் பின்னால்.”

“முன்வாசலில் ஆபத்து வந்து நின்றால் எப்படி வெளியே போவீர்கள்? எனக்கு இங்கே மூச்சு முட்டுகிறது. வா, வாசலில் உட்கார்ந்து பேசுவோம்.”

மருதி சிரித்துச் சமாளித்தாள். ஆனால் அந்த வார்த்தை உள்ளே தைத்துவிட்டது. அதற்குப் பிறகு யாராவது வருகிற சத்தம் கேட்டால், அவளே வாசலுக்கு ஓடிவந்து நின்றுகொண்டு பேசி அனுப்பிவிடுவாள். யாரையும் உள்ளே வா என்று கூப்பிடவில்லை.

இதைப் பார்த்துக் கூரனுக்கு ரோஷம் வந்தது. “வருகிற பௌர்ணமி கழியட்டும். ஒரே நாளில் அத்தனையையும் அள்ளி வெளியே கொட்டிவிடுகிறேன், பார்” என்றான்.

பௌர்ணமி கழிந்தது. கிழங்கு நன்றாகக் கிடைக்கும் சமயம் என்று தள்ளிப்போட்டான். அடுத்த பௌர்ணமியும் கழிந்தது. கடைசியில், வைகாசியில் ஒரு நாள், இரவெல்லாம் இரை தேடிவிட்டு வந்து, விடிந்ததும் தூங்காமல் இருவரும் வேலையில் இறங்கினார்கள்.

உச்சிப்பொழுதுக்குள் அறை முழுவதும் எலும்பும் தோலும் பரவிக் கிடந்தன. படுக்க இடமில்லை. குட்டிகள் பசியால் அழுதார்கள். வெளியே போனதோ கால் பங்குகூட இல்லை.

“இத்தனையையும் கொண்டுவந்து சேர்த்தது யார்?” என்று கேட்டாள் மருதி.

“மேலே மேலே தோலைத் தள்ளி மூடியது யார்?” என்று கேட்டான் கூரன்.

கோபத்தில் அவன் குவியலின் அடியில் இருந்த ஒரு கடமான் கொம்பைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். மேலே இருந்ததெல்லாம் சரிந்து அவன்மேல் விழுந்தது. முன்னங்கால் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டு நசுங்கியது. மருதி ஒவ்வொன்றாக எடுத்து அவனை வெளியே இழுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவன் படுக்க இடம் வேண்டுமே. பரவிக் கிடந்ததையெல்லாம் அவள் மறுபடியும் பின்வழிக்குள்ளேயே தள்ளினாள்.

கூரனால் எழ முடியவில்லை. நால்வருக்கும் இரை தேடும் பொறுப்பு மருதியின் தலையில் விழுந்தது. வீட்டைப் பற்றி நினைக்க அவளுக்கு நேரமே இல்லை.

மூன்றாம் நாள் மாலை அவள் புறப்பட்டபோது, குவியலிலிருந்து ஒரு எலும்பு உருண்டு வந்து காலடியில் நின்றது. வழக்கம்போல் அதைத் தள்ளிவிடக் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றது.

‘திரும்பி வரும்போதுதான் என் வாய் நிறைந்திருக்கும். இப்போது வெறும் வாயோடுதானே போகிறேன்’ என்று நினைத்தாள்.

எலும்பைக் கவ்விக்கொண்டு போனாள். பாறைக்கு அப்பால் இருந்த பள்ளத்தில் போட்டாள். பிறகு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அதற்கென்று தனியாக நேரம் எதுவும் ஆகவில்லை.

மறுநாளும் ஒன்றை எடுத்தாள். அதற்கு மறுநாளும் எடுத்தாள். படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்த கூரன் சிரித்துவிட்டான்.

“ஒன்றை எடுத்துப் போட்டு என்ன ஆகப்போகிறது மருதி? என் கால் சரியாகட்டும். நானே ஒரு நாளில் முடித்துவிடுகிறேன்.”

“சரியாகட்டுங்க. அதுவரை போகும்போது ஒன்றை எடுத்துப் போகிறேன்” என்றாள் மருதி.

அம்மா செய்வதைப் பார்த்துக் குட்டிகளும் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள். தும்பை பெரிய எலும்பாகப் பார்த்து எடுப்பாள். மொட்டு ஒரு பழக்கொட்டையை எடுத்துக்கொண்டு மிடுக்காக நடப்பான். போதாது என்று மருதி ஒருநாளும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் அவள் பழக்கினாள். விடியற்காலையில் தின்று முடித்ததும், படுக்கும் முன்பு, அவரவர் தின்ற தோலை அவரவரே வெளியே கொண்டுபோய்ப் போட வேண்டும். முதலில் தினமும் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மாதம் போனதும் மொட்டு பாதித் தூக்கத்திலேயே தோலைக் கவ்விக்கொண்டு போவான். போட்டுவிட்டு வந்து விழுந்து தூங்குவான்.

நடுவில் தும்பைக்கு வயிற்றுக்கோளாறு வந்தது. இரைக்கு ஓடிப்போய் ஓடிவரும் நேரம் தவிர மருதி அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஐந்து நாள் ஒரு எலும்புகூட வெளியே போகவில்லை. தோலும் மறுபடி குவிந்தது. பழைய மருதியாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். ஆறாம் நாள் புறப்படும்போது ஒரு எலும்பை எடுத்தாள். விட்டுப்போன ஐந்து நாளுக்கும் சேர்த்து எடுக்கவில்லை. ஒன்றுதான்.

ஆவணியில் கூரன் நொண்டி நொண்டி நடக்கத் தொடங்கினான். குவியல் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. அதைக் கண்டதும் அவனுக்கு மகிழ்ச்சியும் வந்தது, கலக்கமும் வந்தது.

“கொம்புகளையும் போட்டுவிடப் போகிறாயா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“உங்களுக்குப் பிடித்த ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வைக்க இங்கே இடம் இருக்கிறது” என்றாள் மருதி.

எதை வைத்துக்கொள்வது என்று கூரன் இரண்டு நாள் யோசித்தான். கடைசியில் ஒரு சிறிய புள்ளிமான் கொம்பை எடுத்துச் சுவரோரம் வைத்தான். அன்று மாலை அவனே ஒரு பெரிய கொம்பை இழுத்துக்கொண்டு வாசல்வரை போனான். அதன் பிறகு அவனுக்கும் தினம் ஒன்று கணக்கானது.

புரட்டாசியில் ஒரு நாள் காலை, தும்பை ஒரு எலும்பை உருவியபோது அந்த இடத்தில் வெளிச்சம் தெரிந்தது. குளிர்ந்த காற்று உள்ளே வந்தது.

“அம்மா, நம் வீட்டுக்கு இன்னொரு வாசல் இருக்கிறதா?” என்று கேட்டான் மொட்டு.

மருதிக்குக் கண் கலங்கியது. “இருக்கிறது கண்ணே. நானும் அப்பாவும் தோண்டியது” என்றாள். அடுத்த பத்து நாளில் பின்வழி முழுவதும் திறந்துவிட்டது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் மத்தியானம், எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்தபோது செம்பி உள்ளே பாய்ந்து வந்தாள். வாயில் ஒரு குட்டி இருந்தது. பின்னாலேயே இன்னொரு குட்டி நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தது. செம்பி வாயிலிருந்த குட்டியைக் கீழே விட்டாள்.

“அக்கா, ஓடை கரையை உடைத்துவிட்டது. என் புற்று கரைந்துபோயிற்று. உன் வீடுதான் கண்ணில் பட்டது” என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் அவள் வந்த வழியாகவே தண்ணீரும் உள்ளே வந்தது. அப்போதுதான் அவளுக்கு அந்தக் குவியல் நினைவுக்கு வந்தது.

“உன் வீட்டில் பின்வழி அடைந்து கிடக்குமே. என் குட்டிகளை நானே கொண்டுவந்து மாட்டிவிட்டேனே” என்று அழுதாள்.

“இப்போது அடைந்து கிடக்கவில்லை. நீ குட்டியைத் தூக்கிக்கொள். தும்பை, நீ முன்னால் போய் வழி காட்டு” என்றாள் மருதி.

தும்பை போனாள். செம்பியும் அவள் குட்டிகளும் போனார்கள். மொட்டுவும் போனான். கூரன் நகரவில்லை.

“நீ போ. இந்தக் காலோடு நான் முன்னால் போனால் உனக்கும் வழி அடைபடும்” என்றான்.

“நான் பின்னாலிருந்து தள்ளுகிறேன்.”

“என் முள் உன் முகத்தில் குத்தும் மருதி.”

“குத்தட்டுங்க” என்றாள் அவள்.

தண்ணீர் வயிற்றைத் தொட்டது. கூரன் இருட்டில் ஏறினான். கால் வைத்த இடமெல்லாம் வெறும் மண். எங்காவது ஒரு கொம்பு குறுக்கே கிடந்திருந்தால் அந்தக் காலோடு அவன் தாண்டியிருக்க முடியாது. மருதி தலையைக் கொடுத்துத் தள்ளித் தள்ளி அவனைப் பாறைமேல் ஏற்றினாள். திரும்பிப் பார்த்தார்கள். கீழே முன்வாசல் இருந்த இடத்தில் செம்மண் தண்ணீர் சுழித்து ஓடியது.

பாறை இடுக்கில் எல்லாரும் ஒண்டிக்கொண்டார்கள். மருதியின் கன்னத்தில் இரண்டு முள் தைத்திருந்தது. கூரன் அவற்றைப் பல்லால் மெதுவாகப் பிடுங்கினான்.

“நீ ஒன்று ஒன்றாக எடுத்தபோது சிரித்தேன்” என்றான்.

“நீங்கள் சிரித்தது எனக்கும் வலித்தது” என்றாள் மருதி. பிறகு அவன் நனைந்த காலை நக்கிக் கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் தண்ணீர் வடிந்தது. வீட்டுக்குள் பாதி உயரத்துக்குச் சேறு நின்றது. செம்பி அதைப் பார்த்து மலைத்து உட்கார்ந்துவிட்டாள். மருதி மலைக்கவில்லை. வெளியே போகும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு வாய் மண் என்று அள்ளிப் போட்டார்கள். செம்பியும் அவள் குட்டிகளும் அங்கேயே தங்கி அதே போலச் செய்தார்கள். மார்கழி முடிவதற்குள் தரை காய்ந்து கெட்டியானது. பக்கத்துப் புதரில் இருந்த முயல் நலம் விசாரிக்க வந்தபோது, மருதி வாசலில் நின்று பேசவில்லை. “உள்ளே வா” என்று கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

என்றைக்கோ ஒரு நாள் எல்லாவற்றையும் செய்து முடிப்போம் என்று காத்திருப்பதைவிட, அன்றன்று முடிந்த சிறு வேலையை விடாமல் செய்வதே வீட்டையும் காக்கும், வீட்டில் இருப்பவர்களையும் காக்கும்.