கரிச்சான் வால் பிளந்த கதை

அந்தக் காலத்தில், எல்லாப் பறவைக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, கரிச்சானின் வால் பிளவில்லாமல்தான் இருந்தது. அகலமான, கருகருவென்ற வால். அதில் அதற்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அப்போது செம்பருந்துதான் அரசர். அவர் பனையுச்சியில் இருப்பார். பறவைகளின் சபை பக்கத்து ஆலமரத்துக்குள் கூடும். அரசர் கேட்பதைத் தரலாமா என்று முடிவு செய்வது சபை. அது அழைக்காமல் அரசர் ஆல இலைக்குள் நுழையக் கூடாது. வாசல் கிளையில் காவல் நின்றது கரிச்சான். அதை நிறுத்தியவர் அரசரேதான்.

ஒரு கோடையில், "மலைப்பாம்பு வரப்போகுது. கூட்டுக்கு ஒரு குஞ்சைப் படைக்கு அனுப்புங்க" என்றார் அரசர்.

"பாம்பை யார் பார்த்தா? படை சேர்ந்தப்புறம் அது பாம்பு மேல பாயுமா, நம்ம மேல பாயுமா?" என்று கேட்டது மாங்குயில். மணிப்புறாவும் அதையே சொன்னது. சபை மறுத்துவிட்டது.

அரசர் கோபத்தில் சபையையே கலைத்தார். மூன்று மழைக்காலம் ஆலமரம் வெறிச்சோடிக் கிடந்தது. பிறகு பாம்புகள் நிஜமாகவே வந்தன. அரசர் வேறு வழியில்லாமல் மறுபடியும் சபையைக் கூட்டினார். அதற்குள் யாரும் யாரையும் நம்புகிற நிலையில் இல்லை. பாம்பை வரவழைத்ததே அரசர்தான் என்று சபை முணுமுணுத்தது. சபை பாம்போடு பேசிவைத்திருக்கிறது என்று அரசர் நினைத்தார். "இனி எங்களைக் கேட்காம கலைக்க மாட்டேன்னு வாக்குக் குடுங்க. அப்புறம் குஞ்சு" என்றது சபை. அரசர் வாக்குக் கொடுக்கவில்லை.

இந்த வம்பெல்லாம் நமக்கெதற்கு என்று கரிச்சான் வாசலிலேயே இருந்தது.

ஒருநாள் அரசர் அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "என்ன கரியா, சௌக்கியமா? மாங்குயில் நல்லாப் பேசிச்சாமே. எந்தக் கிளையில உட்கார்ந்து பேசிச்சு?"

"கிழக்குக் கிளையில, அரசே."

மறுநாள் மணிப்புறாவைப் பற்றிக் கேட்டார். இப்படி ஐந்து நாள், ஐந்து பேர். அரசரே தேடி வந்து பேசுகிறாரே என்று கரிச்சானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஐந்தாம் நாள் மாலைதான் மனசில் ஏதோ உறுத்தியது. பேசியது என்ன என்று கேட்காமல், உட்கார்ந்த இடத்தை ஏன் கேட்கிறார்? 'சே, அரசரைப் போய்ச் சந்தேகப்படலாமா' என்று தன்னையே திட்டிக்கொண்டது.

மறுநாள் சபை நடந்துகொண்டிருக்கும்போது அரசர் வல்லூறுகளோடு வந்தார். கரிச்சான் எண்ணிப் பார்த்தது. ஐந்து. தான் கிளை காட்டிய பேரும் ஐந்து.

"விலகு கரியா. உன்னை இங்க நிறுத்தினதே நான்தான்."

"ஆமா அரசே. இந்த வாசலைக் காக்கத்தான் நிறுத்தினீங்க" என்ற கரிச்சான், உள்ளே திரும்பித் தொண்டை கிழியக் கத்தியது: "மாங்குயிலே, புறாவே, எல்லாரும் ஓடுங்க! உங்க கிளையைக் காட்டிக்குடுத்தது நான்தான்!"

அரசரின் நகம் அதன் வால் நடுவில் இறங்கிக் கிழித்தது. வல்லூறுகள் வழி கேட்காமல் நேராக ஐந்து கிளைகளுக்கும் போயின. ஐந்தும் காலி. இலைகள் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. அவர்கள் எங்கே என்று அரசர் கேட்டார். சபையில் மிச்சமிருந்த ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை.

அன்றே பறவைக்குலம் இரண்டாகப் பிரிந்து சண்டை மூண்டது. கூர்நகம் உள்ளவை அரசர் பக்கம், சின்னப் பறவைகள் சபை பக்கம்.

ரத்தம் சொட்டும் வாலோடு இருந்த கரிச்சானிடம் மாங்குயில் திரும்பி வந்தது. "காட்டிக்குடுத்ததும் நீதான், காப்பாத்தினதும் நீதான். உன்னை நம்புறதா வேணாமான்னே தெரியல. அதனால இனி உன் மேல ஒரு கண்ணு வெச்சு, உன் பக்கத்துலயே இருக்கப்போறேன்" என்றது.

அன்று முதல்தான் கரிச்சானுக்கு இரட்டை வால். பருந்து தலை தெரிந்தாலே அது துரத்தித் துரத்திக் கொத்துவதும் அன்று முதல்தான். மாங்குயிலும் புறாவும் கரிச்சான் இருக்கும் மரமாகத் தேடிக் கூடு கட்டுகின்றன. அதன் காவலை நம்பித்தான் வருகின்றன என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.