தலை நிமிர வைத்த மந்தி

செல்போன் கோபுரம் முளைத்த ஒரு காட்டில், மந்திகளும் புள்ளிமான்களும் கூட்டாளிகளாக வாழ்ந்தன. சிறுத்தை வந்தால், மரத்தில் காவலிருக்கும் மந்தி "கெக்! கெக்!" என்று கத்தும். கீழே மேயும் மான்கள் ஓடித் தப்பிக்கும். பிறகு திரும்பி வந்து, முன்னங்காலால் தரையைத் தட்டி நன்றி சொல்லும். அதுதான் அவற்றின் வழக்கம்.

அந்தக் காட்டுக்குள் செல்போன் வந்தது. எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. சுற்றுலா வருகிறவர்களும் குரங்குகளும் ஒரே இடத்தில் இருந்தால் எதுதான் வராது?

இளமான்களின் திறமையை மெச்சத்தான் வேண்டும். போனைப் புல்லில் கிடத்தி, ஈர மூக்கால் தள்ளித் தள்ளி நாள் முழுக்கப் படம் பார்த்தன. வாயில் புல், காதில் பாட்டு. வேறு எந்த மிருகத்தால் முடியும், சொல்லுங்கள்!

துடுக்கி என்ற இளம் மந்திக்கும் போன் என்றால் உயிர். ஆனால் காவல் முறை வந்துவிட்டால் அதைக் கிளையிடுக்கில் செருகிவிடும். அந்தக் குணத்துக்காகவே எனக்குத் துடுக்கியைப் பிடிக்கும்.

ஒருநாள் துடுக்கியின் காவல். புதருக்குள் ஒரு வால் நெளிந்தது. சிறுத்தை! அது மான்களிலேயே சின்னவளான தும்பையை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"கெக்! கெக்! சிறுத்தை வருது, ஓடுங்க!" என்று துடுக்கி தொண்டை கிழியக் கத்தியது.

ஒரு மானும் அசையவில்லை. எல்லாக் காதிலும் இயர்போன்.

துடுக்கி சட்டென்று போனை எடுத்தது. சிறுத்தையைப் படம் பிடித்து, 'உங்க எதிர்லயே நிக்குது, ஓடுங்க!' என்று எழுதி மான்களின் குரூப்பில் போட்டது.

உடனே பதில்கள் குவிந்தன.

"செம போட்டோ அக்கா!" என்றது ஒரு மான்.

"இது பழைய ஃபார்வர்டு. இதை நம்பி ஏமாறாதே தும்பை," என்றது இன்னொன்று.

தும்பை ஒரு கட்டைவிரல் படம் போட்டது. பாவம், அதற்குக் கட்டைவிரலே கிடையாது.

சிறுத்தை பாய்வதற்காக உடலைத் தாழ்த்தியது.

துடுக்கிக்கு ஒரு யோசனை வந்தது. 'இவங்க எதுக்குத்தான் தலையைத் தூக்குவாங்க?'

அடுத்த நொடி, பெரிய மந்திகளே பயப்படும் தூரத்தைத் தாண்டி அது கோபுரத்தின் மேல் குதித்தது. அங்கே தொங்கிய கறுப்பு ஒயரைப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பிடுங்கியது. எத்தனை துணிச்சல்! எத்தனை புத்தி!

பாட்டு நின்றது. படம் நின்றது.

"ஐயோ, நெட் போச்சே!" என்று மான்கள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின.

எதிரே சிறுத்தை!

நான்கு கால் பாய்ச்சலில் மான்கள் சிதறி ஓடின. தும்பை நூலிழையில் தப்பியது. சிறுத்தையின் நகத்தில் சிக்கியது ஓர் இயர்போன் மட்டும்தான்.

சிறுத்தை போன பிறகு தும்பை மரத்தடிக்கு வந்தது.

"அக்கா, சிறுத்தை வருதுன்னு ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே?"

"போட்டேன் கண்ணு. நீ கட்டைவிரல் காட்டினியே!"

தும்பை முன்னங்காலைத் தூக்கி, தரையை ஓங்கித் தட்டியது.

நீதி: உலகமே கைக்குள் வந்தாலும், எதிரே வருவதைத் தலை நிமிர்ந்துதான் பார்க்க வேண்டும்.