வெள்ளையடித்த சுவர்

அபயாம்பிகை பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர். தில்லைநாயகம் அவரிடம் தொழில் கற்றுக்கொள்பவர். சீடருக்குத்தான் குருவைவிட வயது கூட. அரசாங்கத்தில் கட்டடம் சோதிக்கிற அதிகாரியாக நெடுங்காலம் இருந்துவிட்டு, ஓய்வுபெற்ற கையோடு இவரிடம் வந்து சேர்ந்தார். வீட்டில் சும்மா உட்காரத் தெரியாத மனிதர், என்ன செய்வது.

வரும்போது ஒரு மென்பொருளையும் கொண்டுவந்தார். சுவரைப் படம் எடுத்துக் காட்டினால் போதும், உறுதியா இல்லையா என்று செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடும். வேலையில் இருந்தபோது தான் எடுத்து வைத்திருந்த படங்களைக் கொடுத்து, மகனுடைய உதவியோடு அவரே பழக்கியது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

ஓர் ஆடி மாதம், ஒரு ட்ரஸ்ட் நடத்துகிற ஆற்றங்கரைச் சத்திரத்துக்கு இருவரும் போனார்கள். பக்கத்துப் பள்ளி விடுதியில் கூரை வேலை. அங்கிருந்த பெண்பிள்ளைகளை அன்று மாலையே சத்திரத்துக்கு மாற்றுவதாக ஏற்பாடு. கூடத்தில் பாய்கள்கூட விரித்தாகிவிட்டது. பிள்ளைகள் தங்கலாம் என்று ஒரு கையெழுத்து வேண்டும், அதுதான் பாக்கி.

சத்திரத்து மேனேஜர் பக்கிரிசாமி வாசலிலேயே நின்றிருந்தார். "நீங்க வர்றதாச் சொன்னதும் சுவரையெல்லாம் பளிச்சுன்னு ஆக்கிட்டேன் பாருங்க" என்றார். இளநீர் வந்தது.

தில்லைநாயகம் கூடத்தைச் சுற்றிப் படம் எடுத்தார். கொஞ்ச நேரத்தில் பதில் வந்துவிட்டது.

"உறுதியா இருக்குன்னு சொல்லுது மேடம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"மெஷினும் சொல்லுது, என் அனுபவமும் சொல்லுது. அப்புறமும் ஏன் என்னைத் தனியாக் கையெழுத்துப் போட விடமாட்டேங்கறீங்க?"

அபயாம்பிகை மேனேஜரைக் கூப்பிட்டு ஒரு வாளி தண்ணீர் கேட்டார். வந்ததும் வாங்கி, உத்தரம் வந்து உட்காருகிற சுவரில் வீசி ஊற்றினார். பக்கிரிசாமிக்கு வயிறு எரிந்தது. நேற்று அடித்த சுண்ணாம்பு.

"உட்காருங்க. காயட்டும்" என்றார் அபயாம்பிகை.

உட்கார்ந்தார்கள். ஆடிக் காற்று நன்றாக வீசியது. சுவர் மறுபடி வெளுத்தது.

ஒரு கோடு மட்டும் காயவில்லை. ஜன்னல் மூலையில் புறப்பட்டு, உத்தரத்தின் அடிவரைக்கும் ஈரமாக ஏறிப்போனது. விரிசல் தண்ணீரைக் குடித்திருந்தது. அதற்கு நேர் கீழேதான் பாய்கள்.

தில்லைநாயகம் எழுந்துபோய் முதலில் பாய்களைச் சுருட்டினார்.

"பிள்ளைங்க இங்க வரக்கூடாது" என்றார் மேனேஜரிடம். "உங்க ட்ரஸ்ட்டோட கல்யாண மண்டபம் ஆடியில சும்மாதானே கிடக்கு. அங்க அனுப்பச் சொல்லுங்க. நான் எழுதியே தர்றேன்."

பக்கிரிசாமி முணுமுணுத்துக்கொண்டே போனார்.

"எத்தனை சுவரைப் பார்த்த மெஷின் மேடம் இது. எப்படி ஏமாந்துச்சு?"

"அது பார்த்த படமெல்லாம் எப்ப எடுத்தீங்க?"

"இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனப்பத்தான். ஒவ்வொரு ஊர்லயும் நானே எடுத்தது."

"போறதை முன்கூட்டியே சொல்லிட்டுத்தானே போவீங்க?"

"பின்ன, சொல்லாம எப்படிப் போறது? அவங்களும் நாலு ஏற்பாடு பண்ண…"

பாதியில் நிறுத்திவிட்டார்.

அபயாம்பிகை மிச்சமிருந்த இளநீரைக் குடித்தார். அவசரப்படவில்லை.

"எல்லாம் வெள்ளைச் சுவர்" என்றார் தில்லைநாயகம் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "எந்த ஊருக்குப் போனாலும் புதுச் சுண்ணாம்பு வாசனை. நமக்கு மரியாதை பண்றாங்கன்னு நினைச்சேன்."

"ம்."

"எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். அந்தப் படத்துலேருந்துதான் இது கத்துக்கிச்சு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில் மடப்பள்ளி… எல்லாத்துலயும் இன்னிக்கும் ஆள் இருக்காங்க மேடம். பயமா இருக்கு."

அபயாம்பிகை எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"வண்டியை எடுங்க சார். பள்ளிக்கூடத்துலேருந்து ஆரம்பிப்போம். யாருக்கும் போன் பண்ணாதீங்க."